90-ல் போனால் காதை அடைக்கும் 'ஊம்' சத்தம்: பேரிங்கா, மவுண்டா, வேறு ஏதாவதா?

கோவை_டீசல்

எல்லோருக்கும் வணக்கம். வண்டி 2017 மாடல், நாலு சிலிண்டர் டீசல், ஆட்டோமேட்டிக், ஏழு சீட்டர். பிராண்ட் பெயரைப் போட்டால் இரண்டாம் பக்கத்துக்குள் ரசிகர் மன்றச் சண்டை ஆகிவிடும், அதனால் போடவில்லை, கேட்காதீர்கள்.

நீலாம்பூரில் ஏறி அவினாசி, பெருந்துறை பக்கம் போகும்போது 85-லிருந்து 95 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஒரு 'ஊம்ம்ம்' வருகிறது. சத்தம் என்றுகூட முழுசாகச் சொல்ல முடியவில்லை. ஊட்டி மலை இறங்கும்போது காது அடைக்குமே, அந்த அடைப்போடு சேர்ந்து ஒரு தாழ்ந்த ரீங்காரம். விசித்திரம் என்னவென்றால் நடு வரிசையில் உட்காரும் அம்மாவுக்கு ஒன்றுமே தெரியவில்லை, "நல்லாத்தானடா போகுது" என்கிறார். முன் சீட்டில் எனக்கும் மனைவிக்கும் தெரிகிறது, கடைசி வரிசையில் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொள்கிறார்கள்.

இன்னொன்று. ஆக்சிலரேட்டரில் காலை ஆட்டாமல் ஒரே வேகத்தில் வைத்திருந்தால் மெல்ல மெல்ல ஏறும். காலைச் சற்று விட்டால் பட்டென்று அறுந்துவிடும், மறுபடி வைத்தால் மறுபடி முதலிலிருந்து ஏறும்.

சர்வீஸ் சென்டரில் ஓட்டிப் பார்த்துவிட்டு முதலில் "எங்களுக்குக் கேட்கவில்லை" என்றார்கள். நான் விடாமல் சொன்னதும் பின் ஹப் பேரிங் இரண்டும், ப்ராப்பெல்லர் ஷாஃப்ட் (பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளத் தண்டு) சென்டர் பேரிங்கும், இன்ஜின் மவுண்டும் மாற்றலாம் என்று ஒரு எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள், தொகையைப் பார்த்தால் காது அடைப்பு தானாகவே சரியாகிவிடும். சமீபத்தில் வண்டியில் நடந்தவை: டயர் நான்கும் புதிது, அலைன்மென்ட், பேலன்சிங், சன் ஃபிலிம் எடுத்தது, சீட்டுக்கடியில் சப்வூஃபர் (பேஸுக்கென்று தனி ஸ்பீக்கர் பெட்டி), ஏசி கேஸ் டாப் அப். பாட்டை நிறுத்தினாலும் சத்தம் அப்படியே இருப்பதால் ஆடியோ இல்லை. எங்கிருந்து தொடங்கலாம்?

நாலுசக்கரம்

ஹப் பேரிங்தான், சந்தேகமே வேண்டாம். என் வண்டியிலும் இதே வேகத்தில் இதே 'ஊம்'. மாற்றியதும் போய்விட்டது.

பழைய_பட்டறை

தம்பி நாலுசக்கரம், பேரிங் 'ஊம்' என்றாலும் 'கர்ர்ர்' என்று அரைத்தாலும், வேகம் ஏற ஏற ஒரே சீராக ஏறும், வளைவில் ஒரு பக்கம் பாரம் விழும்போது கூடும், மறு பக்கம் திரும்பும்போது குறையும். 85-ல் தொடங்கி 95-ல் காணாமல் போகிற பேரிங்கை நான் முப்பது வருடத் தொழிலில் பார்த்ததில்லை.

கோவை நண்பரே, பணம் செலவழிக்கும் முன் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் கண்டுபிடியுங்கள்: சத்தம் வண்டியின் வேகத்தைப் பின்தொடர்கிறதா, இன்ஜினின் சுழற்சியைப் பின்தொடர்கிறதா? ஆட்டோமேட்டிக்தானே, மேனுவல் மோடில் போடுங்கள். 90-ல் சத்தம் வரும்போது ஆர்பிஎம் (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று) எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் கீழ் கியரில் அதே ஆர்பிஎம் வையுங்கள், வேகம் 60, 65 இருக்கும். சத்தம் வந்தால் சக்கரம், டயர், ப்ராப்பெல்லர் ஷாஃப்ட் மூன்றையும் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம், ஏனென்றால் அவை மூன்றும் வண்டியின் வேகத்துக்குத்தான் சுற்றுகின்றன. பிறகு 90-ஐயே கீழ் கியரில் ஓட்டிப் பாருங்கள். அங்கே சத்தம் இல்லையென்றால் இன்னும் உறுதி. கடைசியாக, நிறுத்தி வைத்து நியூட்ரலில் அதே ஆர்பிஎம்முக்கு ரேஸ் கொடுத்துக் கேளுங்கள். ஓட்டுவது ஒருவர், குறிப்பெடுப்பது இன்னொருவர். ஓட்டிக்கொண்டே போனைப் பார்க்காதீர்கள்.

கோவை_டீசல்

அண்ணா, தம்பியை ஓட்டவிட்டு நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டேன். ஓபிடி டாங்கிள் (வண்டிக் கணினியின் தகவலைப் போனுக்கு அனுப்பும் குட்டிக் கருவி) போட்டு ஆர்பிஎம் எடுத்தோம். 90-ல் டாப் கியரில் 1700. கீழ் கியரில் 1700 வைத்தால் 60 சொச்ச வேகத்திலும் அதே 'ஊம்', கொஞ்சமும் மாற்றமில்லை. 90-ஐக் கீழ் கியரில் ஓட்டினால் 2300, சத்தமே இல்லை. நியூட்ரலில் 1700-க்கு மெலிதாக வருகிறது, ஆனால் வருகிறது.

கூடவே ஒன்று கண்டுபிடித்தோம். முன் கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கினால் சத்தம் சுத்தமாகப் போய்விடுகிறது, ஏற்றினால் திரும்ப வருகிறது.

பழைய_பட்டறை

நல்லது. ஹப் பேரிங், சென்டர் பேரிங் இரண்டும் எஸ்டிமேட்டிலிருந்து போயின. சர்வீஸ்காரருக்கு ஏன் கேட்கவில்லை என்பதும் தெரிந்துவிட்டது, சத்தம் தேடி ஓட்டுகிறவர்கள் கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் ஓட்டுவார்கள், அது எங்கள் பழக்கம்.

இனி மிச்சம் இன்ஜின் மவுண்ட், சைலன்சர் ரப்பர், எங்காவது குழாய் பாடியைத் தொடுவது. இவை எதுவானாலும் கைக்குத் தெரியும். ஸ்டீரிங்கில், சீட் ரெயிலில் அதிர்வு இருக்கிறதா? கப் ஹோல்டரில் தண்ணீர் பாட்டிலை மூடியைத் திறந்து வைத்து, மேல்மட்டம் நடுங்குகிறதா பாருங்கள்.

கோவை_டீசல்

எதுவுமே இல்லை அண்ணா. ஸ்டீரிங் வெண்ணெய். தண்ணீர் மற்ற ஆர்பிஎம்களில் எப்படியோ 1700-லும் அப்படியே. லிஃப்டில் ஏற்றி சைலன்சர் ரப்பர்களையும் பார்த்தாகிவிட்டது, எதுவும் எதையும் தொடவில்லை.

நாலுசக்கரம்

அப்போ டர்போவா? ஈஜிஆர் (புகையைத் திருப்பி இன்ஜினுக்கே விடும் வால்வு) ஆக இருக்குமா?

கீழ்ஸ்தாயி

இழையை முதலிலிருந்து படித்தேன். எல்லோரும் தாண்டிப் போன வரி, முதல் பதிவில் டயருக்கும் ஏசி கேஸுக்கும் நடுவே இருக்கிற "சீட்டுக்கடியில் சப்வூஃபர்".

ஒரு கேள்வி, கோவை நண்பரே. உங்கள் வண்டியின் விளம்பரத் தாளிலோ ஓனர்ஸ் மேனுவலிலோ 'ஆக்டிவ் நாய்ஸ் கேன்சலேஷன்' அல்லது 'ஆக்டிவ் நாய்ஸ் கன்ட்ரோல்' என்று எங்காவது இருக்கிறதா? சுருக்கமாக ஏஎன்சி, இன்ஜின் சத்தத்தை அழிக்க ஸ்பீக்கரில் எதிர் ஒலி விடும் வசதி. ரூஃப் லைனிங்கில், மேப் லேம்ப் பக்கத்தில் இருக்கும் போன் மைக்கைத் தவிர, பின்னால் சின்னச் சின்ன துளைகளோடு இன்னொரு மைக் வாய் தெரிகிறதா?

இருந்தால் ஒரு சோதனை, ஐந்து நிமிட வேலை. வண்டியை நிறுத்தி, ஸ்டீரியோவை முழுசாக அணைத்துவிட்டு, இன்ஜினை ஓடவிட்டு, சீட்டுக்கடியில் குனிந்து பாருங்கள். சப்வூஃபரின் பவர் லைட் எரிகிறதா? எரிந்தால், வேறொருவரை நியூட்ரலில் 1700-க்குக் கொண்டுவரச் சொல்லி, பெட்டியின் மேல் உள்ளங்கையை வையுங்கள்.

கோவை_டீசல்

மேனுவலில் இருக்கிறது. நீங்கள் சொன்ன மாதிரியே பின்னால் மைக் வாயும் இருக்கிறது, இத்தனை நாளும் அதை ஏதோ லைட் சென்சார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஸ்டீரியோ அணைத்திருக்கும்போது நீல லைட் எரிகிறது! 1700-ல் கை வைத்தால் பெட்டி உள்ளே 'திம் திம்' என்று இல்லை, ஒரே சீரான அதிர்வு, கூச்சமாக இருக்கிறது. பாட்டே ஓடாமல் எதற்கு அடித்துக்கொள்கிறது இது?

கீழ்ஸ்தாயி

சரி, இப்போது விரிவாக எழுதுகிறேன்.

நாலு சிலிண்டர் நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. 1700 ஆர்பிஎம் என்றால் விநாடிக்கு 28.3 சுற்று, அதாவது 56.7 வெடிப்பு. கேபினுக்குள் வரும் இன்ஜின் உறுமலின் முக்கியப் பங்கு இந்த 57 ஹெர்ட்ஸில்தான் இருக்கும். ஏஎன்சி என்ன செய்கிறது? இன்ஜினிலிருந்து ஆர்பிஎம் சிக்னலை வாங்கிக்கொள்கிறது, அதிலிருந்து 57 ஹெர்ட்ஸில் ஒரு அலையைத் தயாரிக்கிறது, அதை உறுமலுக்கு நேர் எதிராக இருக்கும்படி திருப்பிக் கதவு ஸ்பீக்கர்களில் விடுகிறது. கூரை மைக்குகள் "இன்னும் எவ்வளவு மிச்சம்" என்று கேட்டுச் சொல்கின்றன, அதை வைத்துத் தன் அலையைத் திருத்திக்கொண்டே போகிறது. இது ஸ்டீரியோவின் பொத்தானுக்குக் கட்டுப்பட்டது இல்லை. பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும், வால்யூம் பூஜ்யத்தில் இருந்தாலும், இன்ஜின் ஓடுகிறவரை ஆம்ப்ளிஃபையர் விழித்துத்தான் இருக்கும். 'பாட்டை நிறுத்தினேன், போகவில்லை, அதனால் ஆடியோ இல்லை' என்ற முடிவு இந்த மாதிரி வண்டிகளில் செல்லாது.

இனி சப்வூஃபர். கடையில் கதவு ஸ்பீக்கர் ஒயரிலிருந்தே சிக்னலைப் பிரித்து சப்வூஃபருக்குக் கொடுத்திருப்பார்கள், கம்பெனி ஸ்டீரியோவை மாற்றாமல் செய்யும் பெரும்பாலான வேலை இப்படித்தான். ஸ்டீரியோவோடு சேர்ந்து ஆன், ஆஃப் ஆகவைக்கும் ரிமோட் ஒயரைத் தனியாகப் போடாமல், சிக்னல் வந்தால் தானாக ஆன் ஆகும்படி விட்டிருப்பார்கள். அந்த ஒயரில் பாட்டு மட்டும் வருவதில்லை, ஏஎன்சியின் எதிர் அலையும் வருகிறது. சப்வூஃபருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. 57 ஹெர்ட்ஸ் என்பது அதற்குப் பிடித்த இடம், கதவு ஸ்பீக்கரைவிடப் பல மடங்கு பலமாக அடிக்கும்.

பலமாக அடிப்பதுகூடப் பரவாயில்லை, தாமதம்தான் வினை. 57 ஹெர்ட்ஸ் அலை ஒரு முழு சுற்று முடிக்க 17.5 மில்லிசெகண்ட். எதிர் அலை சரியான நேரத்தில் வந்தால் உறுமல் அழியும். ஒரே பலமுள்ள இரண்டு அலைகளில் எதிர் அலை 60 டிகிரி (ஒரு முழு சுற்று 360 டிகிரி), அதாவது 2.9 மில்லிசெகண்ட், பிசகினால் அழிப்பு பூஜ்யம், ஏஎன்சி இருந்தும் இல்லாததும் ஒன்று. 90 டிகிரி பிசகினால் 3 டெசிபல் கூடும். முழுசாக 180 பிசகினால் இரண்டும் கைகோத்து 6 டெசிபல் கூடும். உங்கள் சப்வூஃபரில் 80 ஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டும் ஃபில்டர் இருக்கும், ஆக்டேவுக்கு (ஹெர்ட்ஸ் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறைக்கும்) 24 டெசிபல் குறைக்கும் வகை என்றால் அதுவே 80-ல் 180 டிகிரி, 57-ல் நூறு டிகிரிக்கு மேல் பின்தள்ளிவிடும். டிஎஸ்பி (ஒலியை டிஜிட்டலாகத் திருத்தும் சிப்) இருந்தால் அதன் தாமதம் தனி.

அடுத்தது, நீங்கள் சொன்ன "மெல்ல மெல்ல ஏறும்". எனக்குச் சந்தேகம் விழுந்ததே அந்த வரியில்தான். பேரிங்கோ மவுண்டோ ஒரே ஆர்பிஎம்மில் நின்று நிதானமாக வளராது. ஏஎன்சியின் உள்ளே, ஸ்பீக்கரில் விட்ட அலை மைக்குக்கு எப்படி வந்து சேரும் என்ற கணக்கு ஃபேக்டரியிலேயே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கணக்குக்கும் நிஜத்துக்கும் 90 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால் திருத்தம் தலைகீழாகிவிடும். மைக் "இன்னும் சத்தம் இருக்கிறது" என்கிறது, ஏஎன்சி இன்னும் கொஞ்சம் தள்ளுகிறது, அதனாலேயே சத்தம் கூடுகிறது, மைக் மறுபடி புகார் சொல்கிறது. நீங்கள் காலை விட்டதும் ஆர்பிஎம் மாறி, கணக்கு வேறு இடத்துக்குப் போவதால் அறுந்துவிடுகிறது. 2300-ல் அது 77 ஹெர்ட்ஸ், அங்கே சப்வூஃபர் அடங்க ஆரம்பித்துவிடுகிறது, பிசகும் வேறு மாதிரி.

கண்ணாடியை இறக்கினால் ஏன் போகிறது? மூடிய கேபினுக்குள்தான் இந்தத் தாழ்ந்த அலை அழுத்தமாக நிற்கும். வாய் திறந்தால் அழுத்தம் வெளியே போகிறது, மைக்குக்கு வரும் வழியும் மாறுகிறது.

அம்மாவுக்குக் கேட்காததுதான் இந்த இழையிலேயே எனக்குப் பிடித்த தகவல். ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும், 57 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 6 மீட்டர், பாதி 3 மீட்டர். டேஷ்போர்டிலிருந்து டிக்கிக் கதவு வரை உங்கள் கேபின் ஏறத்தாழ அந்த மூன்று மீட்டர்தான் இருக்கும். அப்படி இருந்தால் இரண்டு முனையிலும் அழுத்தம் உச்சத்தில் இருக்கும், நட்ட நடுவில் ஏறக்குறைய ஒன்றுமிருக்காது. அம்மா உட்கார்ந்திருப்பது அந்த இடத்தில். அவர் பொய் சொல்லவில்லை.

நாலுசக்கரம்

இவ்வளவு கணக்கு போட்டதற்கு ஒரு சலாம். ஆனால் ஏஎன்சியெல்லாம் பென்ஸ், பிஎம்டபிள்யூ சமாச்சாரம் இல்லையா? நம்ம ஊர் டீசல் வண்டியில் எதற்கு அது? சும்மா விளம்பரத்துக்குப் போட்ட ஒரு ஐட்டம் போலத்தான் தெரிகிறது.

கீழ்ஸ்தாயி

விளம்பர ஐட்டம் என்றால் இவ்வளவு வம்பு பண்ணாது. நிஸான் 1992-லேயே ஜப்பானில் புளூபேர்டில் போட்டுவிட்டது. ஹோண்டா 2003-ல் இன்ஸ்பயர் விட்டபோது காரணம் வேறு, அந்த வி6 (ஆறு சிலிண்டர்) இன்ஜின் லேசான பாரத்தில் மூன்று சிலிண்டரை உறங்கவைத்துவிடும், பெட்ரோல் மிச்சமாகும், ஆனால் மூன்று சிலிண்டரின் உறுமலை யாரும் சகிக்க முடியாது. அதை மூடி மறைக்க ஏஎன்சியும், எதிர் அதிர்வு கொடுக்கும் இன்ஜின் மவுண்டும் சேர்ந்து வந்தன. 2010 ஷெவர்லே ஈக்வினாக்ஸ் நாலு சிலிண்டரிலும் இதே கதை: ஏஎன்சி இருப்பதால் இன்ஜினைக் குறைந்த ஆர்பிஎம்மில் இழுக்க விடலாம், மைலேஜ் கூடும். கனமான தார் ஷீட் ஒட்டி எடையை ஏற்றுவதற்குப் பதில் ஒரு சிப்பும் இரண்டு மைக்கும். நம்ம ஊர் என்றால் 2016-ல் மறைமலைநகரிலிருந்து வந்த ஃபோர்டு எண்டவரில் இருந்தது.

கோவை_டீசல்

என்னுடையது அது இல்லை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன் :)

பழைய_பட்டறை

கணக்கு எனக்குப் பாதிதான் புரிந்தது, ஆனால் சோதனை செய்யாமல் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஃப்யூஸைப் பிடுங்கிப் பார்த்தால் ஆயிற்று.

கீழ்ஸ்தாயி

அண்ணன் சொல்வதுதான் சரி. ஆனால் எந்த ஃப்யூஸ் என்பதில் கவனம். டேஷ்போர்டுக்கடியில் இருக்கும் கம்பெனி ஆம்ப்ளிஃபையர் ஃப்யூஸை முதலில் பிடுங்காதீர்கள். பல வண்டிகளில் இண்டிகேட்டர் டிக் டிக், சீட் பெல்ட் மணி, ரிவர்ஸ் பீப் எல்லாம் அதே ஆம்ப்ளிஃபையர் வழியாகத்தான் வருகின்றன. பேட்டரி பக்கத்தில் சப்வூஃபருக்கென்று கடைக்காரர் போட்ட தனி ஃப்யூஸ் இருக்கும், அதை மட்டும் எடுங்கள், இன்ஜினை அணைத்துவிட்டு. அதே சாலை, அதே 1700.

போனில் ஸ்பெக்ட்ராய்டு மாதிரி ஸ்பெக்ட்ரோகிராம் (எந்த ஹெர்ட்ஸில் எவ்வளவு சத்தம் என்று படமாகக் காட்டும்) ஆப் போட்டுக்கொண்டால் 57 பக்கத்தில் ஒரு கோடு தெரியும், ஆர்பிஎம்மோடு சேர்ந்து நகரும். ஆனால் அந்தக் கோட்டை மட்டும் பார்த்து முடிவு கட்ட முடியாது. இன்ஜினின் சொந்த உறுமலும் அதே 57-ல்தானே இருக்கிறது? ஃப்யூஸ் இருக்கும்போது கோடு எவ்வளவு உயரம், எடுத்த பிறகு எவ்வளவு என்ற ஒப்பீடுதான் பேசும். இரண்டு முறையும் போனை ஒரே இடத்தில் வையுங்கள், முன் சீட்டின் தலை உயரத்தில். நடு வரிசையில் வைத்தால் ஏன் ஏமாந்துபோவீர்கள் என்று மேலேயே சொல்லிவிட்டேன்.

கோவை_டீசல்

போய்விட்டது!!! ஃப்யூஸை எடுத்துவிட்டு பெருந்துறை வரை போய்த் திரும்பினோம். 1700-ல் அரை மணி நேரம் அசையாமல் வைத்திருந்தும் ஒன்றுமில்லை. ஃப்யூஸைத் திரும்பப் போட்டால் உடனே 'ஊம்'. ஸ்பெக்ட்ரோகிராமில் ஃப்யூஸ் இருக்கும்போது அந்தக் கோடு 14 டெசிபல் உயரமாக நிற்கிறது. பிள்ளைகள் கடைசி வரிசையில் தூங்கிவிட்டார்கள்.

எஸ்டிமேட் தாளை மடித்து கிளவ் பாக்ஸில் வைத்துவிட்டேன். ஆனால் சப்வூஃபர் எனக்கு வேண்டும். ராஜா சார் பேஸ் கிடாரை கதவு ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு இனி என்னால் இருக்க முடியாது. என்ன வழி?

பழைய_பட்டறை

ஒத்துக்கொள்கிறேன். இனி என் பட்டறைக்கு 'ஊம்' என்று யார் வந்தாலும் சீட்டுக்கடியில் குனிந்துவிட்டுத்தான் ஜாக்கியை எடுப்பேன்.

டெக்சாஸ்_தமிழன்

வழி சுலபம். ஏஎன்சியையே நிறுத்திவிடுங்கள். இங்கே எல்லோரும் செய்வது அதுதான். ரூஃப் லைனிங்கைக் கொஞ்சம் தளர்த்தி மைக் கனெக்டரைக் கழற்றினால் சிஸ்டம் தானாக அடங்கிவிடும். ஃபோர்டு வண்டி என்றால் ஃபோர்ஸ்கேன் மென்பொருளில் உள்ளே போய் அணைக்கிறார்கள், லைனிங்கைத் தொடக்கூட வேண்டாம்.

கீழ்ஸ்தாயி

செய்யலாம், ஆனால் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மைக்கைக் கழற்றினால் பெரும்பாலான சிஸ்டம்கள் குறையைப் பதிவு செய்துவிட்டு ஒதுங்கிவிடும், அது உண்மை. ஆனால் டீசல் வண்டியில் ஏஎன்சி போனால் 1300, 1400-ல் இழுக்கும்போது வரும் அடித்தொண்டை உறுமல் முழுசாக உள்ளே வரும், அப்போது "இன்ஜின் மவுண்ட் போயிற்றா" என்று இன்னொரு இழை தொடங்குவீர்கள். வாரண்டி இருக்கிற வண்டியில் பதிவான எர்ரர் கோட் வேறு தொல்லை. குற்றவாளி சப்வூஃபருக்குப் போகும் ஒயர், தண்டனை மட்டும் ஏஎன்சிக்கா?

சரியான வழி, ஏஎன்சி கலப்பதற்கு முன்னால் இருக்கும் சிக்னலை சப்வூஃபருக்குக் கொடுப்பது. ஏஎன்சி தனி ஆம்ப்ளிஃபையருக்குள் நடக்கிற வண்டி என்றால், ஸ்டீரியோவிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் ஒயரில் சுத்தமான பாட்டு மட்டும் இருக்கும். அது அனலாக் ஒயராக இருந்தால் அதிர்ஷ்டம், அங்கிருந்து எடுக்கலாம். டிஜிட்டல் இணைப்பு என்றால் அதற்கென்று தனி இன்டர்ஃபேஸ் பெட்டி வேண்டும், விலையும் ஏறும். ஸ்டீரியோவுக்குள்ளேயே ஏஎன்சி இருக்கிற வண்டியில் இந்த வழியே கிடையாது. அப்போது சப்வூஃபரின் கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவு) பாதிக்குக் குறைத்து, அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் சுவிட்சைத் திருப்பிப் பார்த்து, எந்த நிலையில் 1700-ல் அடங்குகிறதோ அங்கே விடவேண்டும், அது ஒட்டுப்போடுகிற வேலைதான், இருந்தாலும் பலருக்குப் போதும். அதுவும் உதவவில்லை என்றால் டெக்சாஸ் நண்பர் சொல்வதுதான் கதி.

எந்த வழியானாலும் ரிமோட் ஒயரைத் தனியாகப் போடச் சொல்லுங்கள். சிக்னல் வந்தால் தானாக ஆன் ஆகும் வசதியை இந்த வண்டிகளில் நம்பக் கூடாது.

நாலுசக்கரம்

பாட்டின் பேஸையும் மைக் கேட்குமே, அதையும் ஏஎன்சி சத்தம் என்று நினைத்து அழிக்காதா?

கீழ்ஸ்தாயி

நல்ல கேள்வி. ஆர்பிஎம் சிக்னலை வைத்து வேலை செய்கிற வகையில் அந்தப் பயம் குறைவு, அது தேடுவது இன்ஜினோடு சேர்ந்து நகரும் ஒலியை மட்டும். பாட்டு அதற்குச் சம்பந்தமில்லாதது. தற்செயலாக அதே சுருதியில் ஒரு நீண்ட பேஸ் நோட்டு வந்தால் சில விநாடி குழம்பலாம். மைக்கை மட்டுமே நம்பி வேலை செய்யும் வகையில்தான் சிக்கல் நிஜம். அவற்றில் பாட்டை மைக் சிக்னலிலிருந்து கழித்துவிட்டுத்தான் கணக்குப் போடுவார்கள், ஃபேக்டரிக்குத் தெரியாத ஒரு சப்வூஃபர் வந்தால் கழிப்பது சரியாக நடக்காது, பேஸைத் தின்றுவிடும் அல்லது எதிரொலி மாதிரி வீங்கவைக்கும்.

கோவை_டீசல்

கடையில் பேசிவிட்டேன். முதலில் "ஒயரிங்கில் எந்தத் தப்பும் இல்லை, உங்கள் வண்டியில்தான் ஏதோ" என்றார். இந்த இழையைக் காட்டினேன், கீழ்ஸ்தாயி அண்ணனின் நீளப் பதிவை நின்றபடியே படித்துவிட்டு, "அந்த வண்டிக்கு ஆம்ப்ளிஃபையர் டிரைவர் சீட்டுக்கடியில், வாங்க பார்க்கலாம்" என்றார். ஸ்டீரியோவிலிருந்து வரும் ஒயர் அனலாக்தான். அங்கிருந்து சிக்னல் எடுத்து, ரிமோட் ஒயர் தனியாகப் போட்டாயிற்று, கூலி வாங்கவில்லை, ஒயர் காசு மட்டும்.

ஸ்டீரியோ அணைந்தால் நீல லைட்டும் அணைகிறது. 1700 சுத்தம். பாட்டு ஓடும்போதும் சுத்தம். பேஸ் முன்பைவிடக் கொஞ்சம் இறுக்கமாகக் கேட்கிறது என்று தோன்றுகிறது, இது மனசா நிஜமா தெரியவில்லை.

கீழ்ஸ்தாயி

நிஜமாக இருக்கலாம். ஸ்பீக்கர் ஒயரில் வருவது கதவு ஸ்பீக்கரைக் காப்பாற்ற ஏற்கெனவே பேஸ் வெட்டப்பட்ட சிக்னலாக இருக்க வாய்ப்பு அதிகம், இப்போது வெட்டாததைக் கொடுக்கிறீர்கள். கெயினைக் கொஞ்சம் குறைத்துக் கேட்டுப் பாருங்கள்.

டெக்சாஸ்_தமிழன்

என் பிக்கப்பிலும் இப்படி ஏறி ஏறி அறுந்துபோகும் சத்தம் உண்டு, ஆனால் சப்வூஃபரே கிடையாது. சன்ரூஃப் ஒழுகி லைனிங்கை இறக்கி மாட்டிய பிறகுதான் தொடங்கியது. அதனால்தான் ஏஎன்சியை அணைக்கச் சொன்னேன், நான் அணைத்துவிட்டுத்தான் ஓட்டுகிறேன்.

கீழ்ஸ்தாயி

லைனிங் இறக்கியபோது மைக்கைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். கிளிப்பிலிருந்து கழன்று கூரைத் தகட்டின் மேல் படுத்திருக்கலாம், அப்போது கேபினைக் கேட்பதற்குப் பதில் தகட்டின் அதிர்வைக் கேட்டுக்கொண்டிருக்கும். ஒழுகிய தண்ணீர் மைக் வாயில் போயிருக்கலாம். துளைகளுக்கு நேரே டார்ச் அடித்துப் பாருங்கள், பின்னால் மைக்கின் கறுப்பு வட்டம் தெரியவேண்டும். பஞ்சு தெரிந்தால் இடம் மாறிவிட்டது.

டெக்சாஸ்_தமிழன்

பஞ்சுதான் தெரிகிறது. சனிக்கிழமை லைனிங்கை இறக்கி மாட்டிவிட்டு ஏஎன்சியைத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன்.

நாலுசக்கரம்

கோவை அண்ணா, அந்தக் கடை எந்த ஏரியா என்று தனி மடலில் அனுப்புங்களேன். எனக்கும் ஒரு சப்வூஃபர் போடவேண்டும்.